கொப்பியை மூடிவிட்டுச் சொல்லட்டும்

கேள்வி: ரீச்சர், நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். கணவர் கடற்தொழில். மகள் தரம் 10, அடுத்த வருடம் ஓ.எல். இவளைப்போலப் பாடுபடுகிற பிள்ளையை நான் கண்டதில்லை. விடிய நாலு மணிக்கு எழும்புவாள், இரவு பதினொன்றரை வரைக்கும் மேசையை விட்டு அசையமாட்டாள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் ரியூசன். கொப்பி முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் கோடு. கேட்டால் எல்லாம் படித்துவிட்டேன் என்பாள். சோதனை முடிந்து வந்தால், பேப்பரைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது என்று அழுவாள். போன தவணை விஞ்ஞானம் 38, வரலாறு 41, கணிதம் 34. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க நேரம் காணாது என்று தோழியின் கொப்பியை வாங்கிவந்து பார்த்து எழுதுகிறாள், அதற்கே ஒரு மணித்தியாலம் போகிறது. தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைவு. அண்ணன்காரன் அதில் பாஸ். அன்றிலிருந்து "எனக்கு மண்டை இல்லை" என்று சொல்லத் தொடங்கினாள். இவள் பார்த்துப் படிக்கிற ரகம், வீடியோ வகுப்பில் சேருங்கள் என்று ஒரு ரியூசன் சேர் சொல்கிறார். அதற்கு மாதம் மாதம் இன்னும் காசு வேண்டும். நான் 1990 இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் நின்றவள். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் தெரியாது. ஞாபகசக்திக்கு மாத்திரை ஏதும் இருக்கிறதா?

— ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அன்பான தங்கச்சி,

மாத்திரைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். நல்ல உடம்போடு இருக்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஞாபகசக்தியைக் கூட்டித் தருகிற மாத்திரை என்று ஒன்று இல்லை. கடையில் வடிவான போத்தலில் விற்பார்கள், சோதனைக் காலத்தில் இன்னும் கூடுதலாக விற்பார்கள். வாங்காதீர்கள். வல்லாரைச் சம்பல் செய்து கொடுங்கள், ஆனால் ருசிக்காகச் செய்யுங்கள். 38ஐ 75 ஆக்கும் என்று நினைத்துச் செய்ய வேண்டாம்.

வீடியோ வகுப்பும் அதே கதைதான். ஒரு பிள்ளை பார்த்துப் படிக்கிற ரகம், இன்னொன்று கேட்டுப் படிக்கிற ரகம் என்று பிரிக்கிற பேச்சு உலகம் முழுக்க இருக்கிறது. அந்தச் சேரைக் குறை சொல்லமாட்டேன், நானும் பல வருடம் அதை நம்பியவள்தான். 2008இல் பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்து வைத்துச் சரிபார்த்தார்கள். ரகம் பார்த்துப் படிப்பித்தால் பிள்ளை கூடக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். பூவின் பாகங்களைப் படிக்க எந்தப் பிள்ளைக்கும் படம் வேண்டும். ஆங்கில உச்சரிப்புக்கு எந்தப் பிள்ளைக்கும் காது வேண்டும். அது பாடத்தின் குணம். ஆகவே அந்தக் காசை வைத்திருங்கள், வேறொரு செலவு வரக்கூடும்.

அந்தச் செலவு, கண். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரி, எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க நேரம் காணாது, தோழியின் கொப்பியைப் பார்த்தால் எழுதிவிடுவாள். கிட்டத்தில் இருப்பதை ஒழுங்காக எழுதுகிற பிள்ளை தூரத்தில் இருப்பதை எழுதத் திணறினால், மூளையைச் சந்தேகிக்கும் முன் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். தூரப் பார்வை மங்கிய பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ரோட்டில் நிற்கும்போது வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையை நீங்கள் வாசிக்கிற தூரத்தில் அவளால் வாசிக்க முடிகிறதா என்று விளையாட்டுப்போலப் பாருங்கள். முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, ஒரு தடவை கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. தோழியின் கொப்பி கையில் இருந்தும் மறந்துபோகிறதே, அதற்கு வருவோம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, பிறகு ஆலோசனைப் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தவள். படிப்பித்த காலத்தில் பாடம் முடிகிறபோது வகுப்பைப் பார்த்து "விளங்குதா?" என்று கேட்பேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓம் ரீச்சர்" என்பார்கள். எனக்கும் சந்தோசம், அவர்களுக்கும் சந்தோசம். தவணைச் சோதனைத் தாள்களைத் திருத்தும்போது அந்த "ஓம்" எங்கே போனது என்று தேடுவேன். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. கரும்பலகையில் எல்லாம் எழுதியிருக்க, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவர்களுக்கு விளங்கத்தான் செய்தது. நான் கேட்ட கேள்விதான் பிழை. கரும்பலகையை அழித்துவிட்டு "இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்க வேண்டும். அது எனக்கு உறைக்கப் பத்து வருடம் எடுத்தது.

உங்கள் மகளுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்களே ஒன்று செய்து பாருங்கள். கோணேசர் கோயிலுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை போயிருப்பீர்கள்? கோட்டை வாசலைத் தாண்டி, மான்களைத் தாண்டி, மேலே ஏறுகிற அந்த வழி கண்ணை மூடினாலும் தெரிகிறது, இல்லையா? சரி, இப்போது ஒரு தாளை எடுத்து, வாசலில் இருந்து கோயில் வரைக்கும் இடது கைப் பக்கம் வரிசையாக என்னென்ன இருக்கிறது, வலது கைப் பக்கம் என்னென்ன என்று எழுதுங்கள். நாலைந்து வரியோடு பேனா நின்றுவிடும். நேரே போய் நின்றால் எல்லாம் பழக்கமாகத் தெரியும். இது எப்போது இங்கே வந்தது என்று ஒன்றையும் கேட்கமாட்டீர்கள். பார்த்தவுடன் "தெரியும்" என்று தோன்றுவது ஒரு வேலை. பார்க்காமல் எடுத்துச் சொல்வது முற்றிலும் வேறு வேலை. மகள் இரவிரவாகச் செய்வது முதல் வேலையை. சோதனை கேட்பது இரண்டாவதை.

கொப்பியை நாலாம் தரம் வாசிக்கிறபோது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். மஞ்சள் கோடு போட்ட இடம் கண்ணுக்குத் தானாகப் படும். அந்தச் சுகத்தை மனசு "படித்துவிட்டேன்" என்று எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் அவள் சொல்வது பொய்யே இல்லை, அவள் அப்படித்தான் உணர்கிறாள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையை எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் சொல்வேன். பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சின்னக் கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் நாலு அமர்வும் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கணக்குப் பார்த்தால் ஆளுக்குப் பதினாலு தடவை வாசித்திருக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு அமர்வு மட்டும் வாசித்தார்கள், அதாவது மூன்று தடவைக்குக் கொஞ்சம் மேல். மற்ற மூன்று அமர்விலும் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாபகத்தில் இருப்பதை வெறும் தாளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் 83 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதம். வாசித்தவர்களுக்குத்தான் வெற்றி. வேறு ஆட்களை ஒரு கிழமை கழித்துச் சோதித்தார்கள். வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. உங்களுக்கு இது எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, கூடுதல் நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் பதினாலு தடவை வாசித்தவர்கள்! உங்கள் மகள் தனியாள் இல்லை, தங்கச்சி. பல்கலைக்கழகம் போனவர்களும் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

நம்முடைய பழைய ஆட்களுக்கு இது தெரியாத சங்கதியும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் என்று ஒன்று இருந்தது. ஏடு வாத்தியார் கையில், பாடம் பிள்ளை வாயில். பவணந்தி முனிவரின் நன்னூலில் மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்று சில சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசான் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும் என்கிறார். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மிச்சம் அரைப் பங்கும் எப்போது வரும் என்றால், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்கிறபோது. காலும் அரையும் தராசில் வைத்து நிறுத்த கணக்கு அல்லத்தான். ஆனால் எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னரே எந்தப் பக்கம் பாரம் கூட என்று சரியாகப் பிடித்திருக்கிறார். நம் பிள்ளைகள் மூன்று ரியூசனுக்கு ஓடி அந்த முதல் கால் பங்கையே மூன்று தரம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அது நல்ல தகுதி. விசயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பாதி சொன்னதும் மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். நானும் என் மகனுக்கு அதைத்தான் செய்தேன், அவன் என்னிடம் விஞ்ஞானம் படிக்க வராமலே விட்டுவிட்டான். உங்களால் அப்படி இடையில் புக முடியாது. அவள்தான் முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் போதும். மேசையும் கதிரையும் வேண்டாம், குசினியில் நீங்கள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடக்கலாம். அன்றைக்குப் படித்த ஒரு பாடம், ஒன்றே ஒன்று. கொப்பி மூடி இருக்கட்டும், உங்கள் பக்கத்தில். அவள் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நோட்ஸில் உள்ள வசனத்தை அல்ல, எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி. உங்களுக்கு விளங்காத இடத்தில் நிறுத்தி "அதென்ன?" என்று கேளுங்கள். விளங்கினால் "ஏன் அப்படி?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியும் எந்தப் பாடத்துக்கும் செல்லும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். விஞ்ஞானத்தில் தன்வெப்பக் கொள்ளளவு என்று ஒரு பாடம் வரும். ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பம், நீருக்கு 4200 யூல் என்று மகள் கடகடவென்று சொல்லுவாள். நீங்கள் "அதென்ன பிள்ளை, அதால என்ன வரும்?" என்று கேட்டால் முழிப்பாள். முழிக்கட்டும். அப்புறம் நீங்களே ஒரு நூலை எடுத்துக் கொடுக்கலாம்: மத்தியானம் கடற்கரை மணலில் கால் வைக்க முடியவில்லை, அதே வெயில்தான் தண்ணீருக்கும் அடிக்கிறது, தண்ணீர் ஏன் அப்படிச் சுடவில்லை? இதற்குப் பதில் அந்த 4200க்குள்தான் இருக்கிறது. மணலுக்கு அந்த எண் மிகச் சிறியது, கொஞ்ச வெப்பத்துக்கே கொதித்துவிடும். தண்ணீர் எவ்வளவு வாங்கினாலும் மெல்லத்தான் சூடேறும். தரை சூடாகி அதன்மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலில் இருந்து காற்று வரும். இரவில் தரை கெதியாக ஆறிவிடும், தண்ணீர் ஆறாது, காற்றுத் திரும்பிவிடும். விடியற்காலையில் தரையில் இருந்து கடல் பக்கம் வீசுகிற காற்றைப் பற்றி அவளுடைய அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். பாய்மரக் காலத்தில் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் வெளிக்கிட்டிருப்பார்கள். அவர் பெயர் தெரியாமல் அறிந்து வைத்திருக்கிறார். இவள் அறியாமல் பெயரை மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரு பின்னேரம் திண்ணையில் இருத்திவிடுங்கள்.

வரலாற்றுக்கும் இப்படிக் கொளுவி வைக்க இடம் தேவை. ஆங்கிலேயர் காலத்து அரசியல் யாப்புச் சீர்திருத்தங்கள் கோல்புறூக் 1833, டொனமூர் 1931, சோல்பரி 1947 என்று வெறும் எண்களாக நின்றால் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு விழும். ஆங்கிலேயர் 1795இல் இலங்கைக்கு வந்தபோது ஒல்லாந்தரிடம் இருந்து முதலில் பிடித்தது நம்முடைய திருகோணமலைக் கோட்டையைத்தான். அந்தக் கோட்டை வாசலால் நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் நடந்து போகிறீர்கள். போகும்போது "இவங்கள் வந்த பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். 1795இல் கையை வைத்துவிட்டு அவள் 1833க்கு வரட்டும், அங்கிருந்து 1931க்கு. கோயில் வருவதற்குள் சோல்பரி வந்துவிடுவார்.

சில எச்சரிக்கை சொல்ல வேண்டும். முதலாவது, இதைப் பொலிஸ் விசாரணையாக்கிவிடாதீர்கள். அவள் தடுமாறினால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். நமக்கு அந்தப் பத்து செக்கன் பத்து நிமிடம் போல இருக்கும், வாய் துடிக்கும். ஞாபகத்தைத் துழாவுகிற அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது. வரவே இல்லை என்றால் கொப்பியைத் திறந்து பார்க்கட்டும், மூடிவிட்டுத் திரும்பச் சொல்லட்டும். துழாவிவிட்டுப் பார்த்த பதில் சும்மா வாசித்த பதிலைவிட நன்றாக ஒட்டும்.

இரண்டாவது, முதல் இரண்டு கிழமையும் அவளுக்கு இது பிடிக்காது. நேற்றுவரை "எல்லாம் தெரியும்" என்று இருந்த பிள்ளைக்கு, கொப்பியை மூடியதும் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். "இது சரிவராது அம்மா, நான் பழைய மாதிரியே படிக்கிறன்" என்பாள். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவைத்துவிடுங்கள். மேலே சொன்ன 83, 71 கணக்கையும் 40, 61 கணக்கையும் காட்டுங்கள்; பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

இன்று சொன்ன பாடத்தை அதோடு விட்டுவிடக் கூடாது. நாளைக்கு ஒரு தரம், மூன்று நாலு நாள் கழித்து ஒரு தரம், அடுத்த கிழமை ஒரு தரம், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்தான். ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் தன்னையே பரிசோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கி, 1885இல் ஒரு புத்தகம் போட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மீண்டும் பாடமாக்கியபோது, முதல் நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமாக இருந்திருக்கிறது. விளங்கிப் படித்த பாடம் அவ்வளவு கெதியாகப் போகாது. ஆனாலும் மறதி முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்பதும், இடைவெளி விட்டு மீட்டினால் அது அடங்குகிறது என்பதும் அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் சரிபார்த்த விசயம். சோதனைக்கு முதல் கிழமை ஆறு மணித்தியாலம் இருந்து படிப்பதைவிட, அதே ஆறு மணித்தியாலத்தை இரண்டு மாதத்துக்குத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவது லாபம்.

கணிதத்துக்கு வேறு வழி. அம்மாவிடம் சொல்லி ஒப்புவிக்கிற பாடம் அல்ல அது, கை ஓட வேண்டும். 34 என்றால் சித்திக்கு ஒரு புள்ளிதான் குறைவு. அடிப்படை முழுக்க இல்லாத பிள்ளைக்கு 34 வராது. என் ஊகம் இது: ரியூசனில் ஒரு நாள் முழுக்க வட்டிக் கணக்கு, அடுத்த நாள் முழுக்க ஒருங்கமை சமன்பாடு என்று செய்கிறார்கள். இருபது கணக்கும் ஒரே மாதிரி என்றால் இரண்டாவது கணக்குக்குப் பிறகு எந்த முறை என்று யோசிக்கத் தேவையில்லை, எண்களை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். சோதனைத் தாளில் யாரும் "இது வட்டிக் கணக்கு" என்று தலைப்புப் போட்டுத் தருவதில்லை. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அவள் ஒரு நாளும் தேடிப் பழகவில்லை.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் இதைச் சோதித்தார்கள். சில திண்மங்களின் கனவளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகச் செய்தது, மற்றக் குழு கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் வகை வகையாகச் செய்தவர்கள் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையில் வகை வகையாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. படிக்கும்போது இலகுவாக இருந்தது சோதனையில் காலை வாருகிறது. மேலே கட்டுரை வாசித்தவர்களின் கதையேதான்.

வீட்டில் ஒரு வெறும் பால்மா ரின் இருக்கும். கடந்தகால வினாத்தாள்களில் இருந்து அவள் ஏற்கெனவே படித்த அலகுகளின் கணக்குகளைத் துண்டுக் கடதாசியில் எழுதி அதற்குள் போடட்டும். ஒரு நாளைக்கு ஐந்து துண்டு கண்ணை மூடி எடுத்துச் செய்ய வேண்டும். பிழைத்த கணக்கு மடித்துத் திரும்ப ரின்னுக்குள் போகும், சரியானது இரண்டு தரம் சரிவந்த பிறகு வெளியே வரும். ஒன்று கவனம்: இன்னும் பிடிபடாத அலகை ரின்னில் போடக் கூடாது. அதற்கு முதலில் செய்துகாட்டிய கணக்கு நாலைந்தை வரி வரியாகப் பார்த்து, இந்த வரி ஏன் வந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பழக வேண்டும். தெரியாததைத் தெரியாமலே மூன்று மணித்தியாலம் முட்டிக்கொண்டிருப்பதில் புண்ணியம் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ரியூசனில் கணிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டில் ஒன்றை ஒரு தவணைக்கு நிறுத்திப் பாருங்கள். எதை என்பதை அவள் முடிவு செய்யட்டும். ரியூசன் எல்லாமே வீண் என்பவள் இல்லை நான். வகுப்புத் தொடங்கியதும் போன கிழமைப் பாடத்தில் ஐந்து கேள்வி கேட்டு, பதிலை எழுதவைத்து, அதற்குப் பிறகே கரும்பலகைக்குத் திரும்புகிற மாஸ்டர் ஒருவர் நம்முடைய ஊரிலேயே இருக்கிறார். அப்படி ஒரு ஆள் கிடைத்தால் அவரை விடாதீர்கள். இரண்டு மணித்தியாலம் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிற வகுப்பைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

அந்த விடியப்புற நாலு மணியையும் நிறுத்துங்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால் நாலரை மணித்தியாலம். இந்த வயதுக்கு எட்டில் இருந்து பத்து மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது உறுதிப்படுவதும் நித்திரையில்தான். பதின்ம வயதில் உடம்பின் மணிக்கூடு பிந்தி ஓடும், அதனால் அவளால் எட்டு மணிக்கே படுக்க முடியாது. பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழும்பட்டும். பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் ஏறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டுக்குப் படுத்த காலத்தில் அது சரிதான்.

கடைசியாக அந்த "மண்டை இல்லை". புலமைப்பரிசில் என்பது இரண்டு தாள், 200 புள்ளி. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கவும், பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களில் இருக்கிற இடங்களைப் பங்கிடவும் வைக்கிற சோதனை. இடம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், ஆகவே எங்கேயோ ஒரு கோடு கீற வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே நாலு புள்ளியில் நின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவள் அதைத் தன் மூளைக்கு எழுதின தீர்ப்பாக வாசித்துக்கொண்டாள். ஐந்து வருடமாக அதைச் சுமந்துகொண்டு நாலு மணிக்கு எழும்புகிறாள்.

இதற்கு மருந்தாக "நீ கெட்டிக்காரி" என்று சொல்லத் தோன்றும். சொல்லாமல் விட்டால் நல்லது. முல்லர், ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் "நீ கெட்டிக்காரி" என்று புகழப்பட்டவர்கள் அடுத்து ஒரு கடினமான வேலையில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள், அதற்குப் பிறகு கொடுத்த வேலையிலும் சறுக்கினார்கள். உழைப்பைச் சொல்லிப் புகழப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் உங்கள் மகளிடம் வெறுமனே "நல்லாப் பாடுபடுறாய்" என்றும் சொல்ல முடியாது. பாடுபட்டும் 38தான் என்று அவளுக்குத் தெரியும், அது இன்னும் வலிக்கும். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "போன செவ்வாய்க்கிழமை இந்தக் காற்றுக் கதையைப் பாதியில விட்டாய், இண்டைக்கு முழுக்கச் சொன்னாய், எனக்கே விளங்கினது." இவ்வளவு போதும். அண்ணனின் பெயரை இதற்குள் கொண்டுவரவே வேண்டாம், புகழவும் வேண்டாம், ஒப்பிடவும் வேண்டாம்.

அழுகை சோதனை நாளோடு நிற்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். சாப்பாடு குறைந்து, தோழிகளோடு பேச்சுக் குறைந்து, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரி வார்த்தை ஒரு தரம் வந்தாலும் இந்தக் கடிதத்தில் உள்ள படிப்பு யோசனை எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொது வைத்தியசாலையில் மனநல வைத்தியரைப் பாருங்கள். நடு இரவு என்றால் 1926க்குப் போன் எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, எந்த நேரமும் ஆள் இருக்கும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். புள்ளி எழுத வேண்டாம், அது அடுத்த தவணைதான் தெரியும். குசினியில் அவள் உங்களுக்குச் சொன்ன பாடங்களில் ஒன்றை, உங்களுக்கு விளங்கின மாதிரி, உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். எழுதினதை அனுப்பும் முன் அவளிடம் காட்டுங்கள், பிழை இருந்தால் அவள் திருத்தட்டும். கண் கிளினிக்குக்கு மட்டும் அதுவரை காத்திராமல் இந்தக் கிழமையே போய்விடுங்கள்.